தராசும் ஆற்று நீரும்



தராசைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்கும்போது நிறைத்தும் விற்கும்போது குறைத்தும் அளப்பவரைக் கண்டித்தே திருமறையின் 83 ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. அதைக் கேட்டு அஞ்சாத வியாபாரி நம்மில் இருக்கமாட்டார். ஆனால் எடை குறைவது தராசுத் தட்டில் மட்டும்தானா? ஓர் ஆலைக்காரர் தம் கழிவை முறைப்படி அகற்ற நூறு வெள்ளி செலவிட வேண்டும். அதை இரவோடிரவாக ஆற்றில் கொட்டி மிச்சம் பிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறு வெள்ளி எங்கே போயிற்று? மறைந்துவிடவில்லை. ஆற்றின் கீழே வலை வீசுகிறவன் பெயரிலும், கரையில் குடியிருக்கும் பிள்ளையின் பெயரிலும் பற்று எழுதப்பட்டுவிட்டது. அவர் பேரேட்டில் லாபம், ஊர்ப் பேரேட்டில் நட்டம். இது குறை எடை அல்லாமல் வேறென்ன?

வெறும் உவமைக்காகச் சொல்லவில்லை. 2019 மார்ச் மாதம் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி வாந்தியெடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வைத்தியத்துக்குப் போக நேர்ந்தது. 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. மலேசியாவில் சுற்றுச்சூழல் தரத்துக்கென்று 1974 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தார்கள். ஆனால் அபாயக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டியதற்கு அன்று விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 5 லட்சம் ரிங்கிட். நமக்கு அது பெரிய தொகை. பெரும் ஆலை வைத்திருப்பவனோ, பிடிபட்டால் கட்டிக்கொள்ளலாம் என்று அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துவிடக் கூடியவன். 2024 இல் சட்டத்தைத் திருத்தி உச்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட் ஆக்கினார்கள். நல்லதுதான். அபராதம் ஏறினால் கணக்கு மாறும், ஆனால் பிடிபடமாட்டோம் என்று நம்புகிறவன் கணக்கு மாறாது. அவனிடம் ஈமான்தான் பேச வேண்டும்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நீர்த்துறையிலும் வழியிலும் நிழலிலும் மலஜலம் கழிப்பது மக்களின் சாபத்தைக் கொண்டுவரும் என்று எச்சரித்தார்கள். மதறஸாவில் சுத்தத்தைப் பற்றிய பாடத்தில் இதைச் சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம். ஒரு மனிதனின் சிறுநீருக்கே இத்தனை கண்டிப்பு என்றால், லாரி லாரியாய் இறங்கும் நஞ்சுக்கு எத்தனை கண்டிப்பு இருக்கும்!

பழைய காலத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது, இயந்திரம் வந்து கெடுத்தது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. சிங்கப்பூர் ஆற்றைப் பாருங்கள். 19 ஆம் நூற்றாண்டில் அந்த ஆற்றில் தொங்கான் தள்ளிச் சரக்கு இறக்கியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர்கள் மிகுதி. பின்னாளில் அத்தொழில் சீனர் கைக்குப் போயிற்று. ஊரை வளர்த்த அதே ஆறு, எண்ணெயும் குப்பையும் பன்றிப் பண்ணைக் கழிவும் சாக்கடையும் கலந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டியதாயிற்று. 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுக்குள் இந்த ஆற்றில் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்றார். 1987 இல் வேலை முடிந்தது. சுமார் 5,000 தெருக்கடைக்காரர்கள் உணவங்காடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். பண்ணைகள் மூடப்பட்டன. 1983 இல் ஏறத்தாழ 800 தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 2008 இல் மரினா அணைக்கட்டு வந்தபின், அந்த ஆறு சேரும் இடம் குடிநீர்த் தேக்கமாகவே ஆகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் தொங்கான்கள் ஒரு கட்டளையால் மட்டும் ஆற்றை விட்டுப் போய்விடவில்லை. 1972 இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் துறை திறந்தபோதே அவற்றின் பிழைப்பு தேயத் தொடங்கிவிட்டது. இரும்புப் பெட்டியில் வந்து பாரந்தூக்கியில் இறங்கும் சரக்குக்குத் தொங்கான் எதற்கு? ஆக, ஒரு தொழில்நுட்பம் ஆற்றைச் சுத்தமாக்க வழிவிட்டது, பணம் இருந்ததால் அரசாங்கம் வீடும் சாக்கடைக் குழாயும் கட்டியது. கைப்பொருள் இல்லாத ஊரில் ஆணை மட்டும் போட்டால் ஆறு சுத்தமாகாது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தச் சுத்தத்துக்குத் தொழிலையே விலையாகக் கொடுத்தவர்கள் படகுக்காரர்களும் பண்ணைக்காரர்களும். ஈடு பெற்றவர்களுக்கும் தந்தை வழி வந்த தொழில் திரும்பக் கிடைக்கவில்லை. இன்று ஆற்றங்கரை உணவகத்தில் உட்கார்ந்து காற்று வாங்குகிற நாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

விலை மலிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குக் கதவை மூடியதும், அந்தச் சரக்கு மலேசியாவுக்குத் திரும்பியது. கோல லங்காட் வட்டாரத்தில் உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன, எரித்த புகையைச் சுற்றியிருந்த கம்பத்து மக்கள் சுவாசித்தார்கள். பணக்கார நாடுகள் தங்கள் குப்பையைக் குறைந்த செலவில் தள்ளிவிட்டன, இங்கே சிலர் காசு பார்த்தார்கள். நிலத்திலும் கடலிலும் தோன்றும் கேட்டுக்கு மனிதனின் செயலையே காரணமாகக் காட்டும் வசனம் சூரா ரூமில், 41 ஆவதாக இருக்கிறது. இதற்கு விளக்கம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை.

இனி நம் கடைக்கு வருவோம். சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகள் ஒரு பைக்கு 5 காசாவது வாங்க வேண்டும். சிறு கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால், பைக்குள் பை போட்டுக் கொடுக்கிறோம். அது போகட்டும். உணவுக்கடை வைத்திருப்போர் பொரித்த எண்ணெயை என்ன செய்கிறோம்? கால்வாயில் ஊற்றினால் குழாய் அடைக்கும். வாங்க வருகிறவரிடம் கொடுத்தால், அவர் எங்கே கொண்டுபோகிறார்? வடிகட்டி மறுபடியும் சமையலுக்கே விற்றால், அதைத் தின்னும் வயிறு நம்முடைய அமானிதம் இல்லையா? இன்று அதே பழைய எண்ணெயை ஆகாயவிமான எரிபொருளாக மாற்றும் ஆலை துவாஸிலேயே நடக்கிறது. கழிவுக்கு விலை வந்துவிட்டது, நல்ல வழியும் இருக்கிறது. ஆனால் உரிமம் பெற்றவர் ஒரு கடையின் இரண்டு டின்னுக்காக வண்டி அனுப்பமாட்டார். பக்கத்துப் பக்கத்துக் கடைகள் பத்து சேர்ந்து ஒரே நாளில் டின்களைக் கொடுத்தால் வருவார், ரசீதும் தருவார். அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் இதை வைக்கிறோம். உணவுக்கடைக்காரர்கள் வாரத்துக்கு எத்தனை டின் சேர்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.