செபம் அபினியா?

வண்ணாத்திவில்லு என்னும் ஊர்ப்பெயரை இந்நாட்டவரிற் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது 2019ஆம் ஆண்டிலேயாகும். புத்தளத்துக்கு வடக்கே, ஒருபுறம் களப்பும் மறுபுறம் வில்பத்துக் காடுமாகக் கிடக்கும் இப்பகுதியில் தென்னையும் மீனும் சேனைப் பயிருமே மக்களின் சீவனம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே பேருந்தில் ஏறிச் செல்லும் ஊர் இது. அவ்வாண்டு ஜனவரியில் இங்குள்ள தென்னந்தோட்டம் ஒன்றில் பெருந்தொகையான வெடிபொருள்களைப் பொலிஸார் கண்டெடுத்தனர். மூன்று மாதங்கள் கழிந்தன. ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர். அவர்களுட் பலர் புத்தாடை உடுத்தி வந்த குழந்தைகள்.

அந்நாட்களில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடர வேண்டும்.

விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த முதல் வாரம். ஆசிரியர் அறையில் நாங்கள் சிலரே இருந்தோம். என்னோடு கற்பிக்கும் கத்தோலிக்க ஆசிரியை ஒருவர், வயதில் எனக்கு மூத்தவர், கட்டுவாப்பிட்டியில் உறவினரைப் பறிகொடுத்தவர், இடைவேளையில் செபமாலையைக் கையிற் பிடித்தபடி இருந்தார். எனக்கு மதப்பற்று இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழோடு சேர்த்து நான் கற்ற சமூக விஞ்ஞானம், மதம் என்பது துன்பப்படும் மனிதனின் மயக்கம் என்று எனக்குக் கற்பித்திருந்தது. அந்த அறிவின் செருக்கோ, அன்றைய மனக்கொதிப்போ, நான் அவரிடம் கேட்டுவிட்டேன்: “அக்கா, செபம் செய்யப் போனவர்கள்தானே செத்தார்கள்? இன்னும் எதற்காகச் செபம்?”

அவர் கோபிக்கவில்லை. சிறிது நேரம் கழித்துச் சொன்னார்: “தம்பி, இறந்தவர்களை எழுப்பித் தா என்று நான் கேட்கவில்லை. அடுத்த பாடத்துக்கு வகுப்புக்குப் போகவேண்டும். அங்கே முஸ்லிம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய முகத்தை நான் நேரே பார்க்கவேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.”

நான் வாயடைத்துப் போனேன். காரணம் அவருடைய பதிலின் உயர்வு மட்டுமன்று. அன்று காலை பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவரின் கைப்பையை நான் இருமுறை உற்றுப் பார்த்திருந்தேன். அவரை எனக்கு ஆண்டுக்கணக்காகத் தெரியும். வர்க்கம் பற்றியும் இனவாதம் பற்றியும் மேடையேறிப் பேசிய என்னை, நான் கற்ற தத்துவம் அந்தப் பார்வையிலிருந்து காப்பாற்றவில்லை. உறவினரை இழந்த அந்தப் பெண்மணியோ அந்தப் பார்வை தம்மிடம் வந்துவிடக்கூடாதென்று ஒவ்வொரு நாளும் தம்மோடு தாமே போராடிக்கொண்டிருந்தார். அவருடைய போராட்டக் கருவி செபமாக இருந்தது.

அன்று தொடக்கம் என் மனத்தை அரித்துவரும் வினா இதுதான்: துன்பவேளையில் மனிதன் செய்யும் வேண்டுதல் அவனை உறங்கவைக்கிறதா, எழுப்பிவிடுகிறதா?

முற்போக்காளராகிய நம்மிடையே இவ்வினாவுக்கு ஆயத்தமான விடை ஒன்றுண்டு. 1844இல் இளைஞரான கார்ல் மார்க்ஸ் ஹெகலின் உரிமைத் தத்துவம் பற்றிய விமரிசன முன்னுரையில் மதத்தை அபினிக்கு ஒப்பிட்டார். அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றிக்கொண்ட நாம், அதற்கு முன்னுள்ள வாக்கியங்களைப் பெரும்பாலும் படிப்பதில்லை. மதத் துயரம் மெய்யான துயரத்தின் வெளிப்பாடு என்றும், அதே வேளையில் அத்துயரத்துக்கு எதிரான முறையீடு என்றும் அவர் அங்கு கூறியிருக்கிறார். அன்றியும், அக்காலத்து ஐரோப்பாவில் அபினி போதைப்பொருளாக மட்டும் இருக்கவில்லை. வைத்தியர்கள் கொடுத்த நோவுமருந்தாகவும் இருந்தது. நோவாளியின் கையிலுள்ள மருந்தைத் தட்டிவிடுவது வைத்தியமாகாது. நோயின் காரணத்தை நீக்குவதே வைத்தியம் என்பதே அவ்வாதத்தின் சாரம். அன்று நான் அந்த ஆசிரியையிடம் செய்தது மருந்தைத் தட்டிவிடும் வேலையையே.

ஆயின், செபத்தைப் புகழ்ந்து பாடிவிட்டு அமைதி கொள்வதும் நேர்மையாகாது. ‘பொறுத்துக்கொள், மறுமையில் உனக்குப் பலன் உண்டு’ என்று ஏழைக்குச் சொல்லி, இம்மையின் பலனைத் தமக்கு எடுத்துக்கொண்டவர்களின் வரலாறு நீண்டது. சிலுவையும் வாளும் ஒரே கப்பலில் வந்திறங்கியதை இந்தக் கரையோரம் கண்டிருக்கிறது. அன்றியும், வேண்டுதல் செய்கின்றவர் எவரும் வெறுப்பினின்று தாமாகவே விடுபட்டுவிடுவதில்லை. குண்டுவெடிப்பின் பின் சில நாட்களிலேயே, நீர்கொழும்பில் தஞ்சமடைந்திருந்த பாக்கிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் தங்கியிருந்த வீடுகளிலிருந்து விரட்டப்பட்டனர். அடுத்த மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மே 13ஆம் திகதி, எமது புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் தம் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர்களும் விரட்டியவர்களும் ஏதோவொரு தெய்வத்தைக் கும்பிடுகிறவர்களாகவே இருந்திருப்பர்.

ஆகவே, செபம் நல்லதா தீயதா என்று பொதுப்படக் கேட்பது பயனற்றது. செபித்து முடித்தவன் எழுந்து எங்கே போகிறான் என்று கேட்பதே தகும்.

கிறிஸ்தவ மரபுக்குள்ளேயே இவ்வளவுகோல் இருக்கிறது. சுவிசேஷங்கள் கூறும் கெத்செமனேத் தோட்டத்துக் காட்சியை எண்ணிப் பாருங்கள். இயேசு தமக்கு வரவிருக்கும் துன்பம் நீங்கவேண்டும் என்றே முதலில் வேண்டுகிறார். அஞ்சுகிறார், வியர்க்கிறார், கூட இருந்து விழித்திருக்குமாறு நண்பர்களைக் கேட்கிறார், அவர்களோ உறங்கிவிடுகிறார்கள். கேட்டது கிடைக்கவில்லை. துன்பப் பாத்திரம் நீங்கவில்லை. ஆனால் செபம் முடிந்ததும் அவர் ஓடி ஒளியவில்லை. எழுந்து, தம்மைப் பிடிக்க வருகிறவர்களை எதிர்கொண்டு நடக்கிறார். ‘பலிக்காத’ அந்த வேண்டுதலே கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய வேண்டுதலாகப் போற்றப்படுகிறது. விசுவாசி அதில் இறைவனின் சித்தத்தைக் காண்கிறான். விசுவாசமற்ற நான் அஞ்சிய மனிதன் ஒருவன் தைரியம் பெறுவதைக் காண்கிறேன்.

இந்தக் கரையின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமான பின், கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 30 ஆண்டுகள் குருவின்றி, கோவிலின்றி, வீடுகளுக்குள்ளே செபமாலையைச் சொல்லித் தம் நம்பிக்கையைக் காத்தவர்கள் சாதாரண மக்களே. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகள் கூலியாளைப் போல மாறுவேடத்தில் இத்தீவுக்கு வந்தார். 1690இல் அவர் புத்தளத்தை அடைந்தார். கண்டி இராச்சியத்துக்குரிய துறையாக அது அன்று விளங்கியமையால் ஒல்லாந்தரின் கை அங்கு நீளவில்லை. 1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறையிடப்பட்டார். இவற்றினும் என் மனத்தைத் தொட்டது 1697இல் நிகழ்ந்தது. கண்டியில் அம்மை நோய் பரவியபோது உறவினரே நோயாளிகளைக் கைவிட்டு அகன்றனர். வாஸ் அடிகளும் அவருடைய துணைக் குருவும் அங்கே தங்கி, எம்மதத்தவர் என்று பாராது நோயாளிகளின் புண்ணைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்த அறிவிப்பில் நம்பிக்கையில்லாதவர்கூட, அந்த நோயாளிகளின் பக்கத்தில் அவர் இருந்ததை மறுக்க முடியாது.

உலக அரங்கிலும் ஓர் உதாரணம். 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மொன்ட்கொமரி நகரக் கறுப்பின மக்கள், நிறவெறியைக் கடைப்பிடித்த பேருந்துகளைப் பகிஷ்கரித்தனர். தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் அப்போது 26 வயதினர், கைக்குழந்தையின் தந்தை. 1956 ஜனவரி இறுதியில் ஒரு நள்ளிரவு, கொலை மிரட்டலொன்று தொலைபேசியில் வந்தது. உறக்கம் வராமல் அவர் சமையலறை மேசையில் அமர்ந்து, தம்மால் இனி முடியாது என்று இறைவனிடம் முறையிட்டார். அங்கே தாம் பெற்ற தைரியத்தைப் பற்றி அவரே பின்னர் எழுதினார். சில நாட்களில் அவருடைய வீட்டில் குண்டு வீசப்பட்டது. ஆயுதங்களோடு திரண்ட தம் மக்களை அவர் முன்றிலில் நின்று அமைதிப்படுத்தித் திருப்பியனுப்பினார். பகிஷ்கரிப்போ நிற்கவில்லை, 381 நாட்கள் நீடித்து வெற்றி பெற்றது. அந்தச் செபம் அவரைப் போராட்டத்தினின்று விலக்கவில்லை, பழிவாங்கலினின்றே விலக்கியது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

இதே வேறுபாட்டை 2019இன் பின் இந்நாட்டிலும் கண்டோம். ஆலயங்கள் மூடப்பட்டு, ஞாயிறு திருப்பலி தொலைக்காட்சியில் மட்டும் நடந்த அந்நாட்களில், பழிவாங்க வேண்டாமென்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை மக்களைக் கேட்டுக்கொண்டார். ஆனால், பழிவாங்காமை என்பது கேள்வி கேளாமை அன்று. தாக்குதல் பற்றிய புலனாய்வு எச்சரிக்கைகள் ஏப்ரல் 4 முதலே வந்திருந்தும், பொறுப்பிலிருந்தோர் வாளாவிருந்தமைக்கு எதிராக, பிள்ளைகளை இழந்தோரும் குருமாரும் சட்டத்தரணிகளும் உயர் நீதிமன்றம் சென்றனர். 2023 ஜனவரி 12ஆம் திகதி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமெனக் கட்டளையிடப்பட்டது. முழந்தாளிட்டவர்கள் எழுந்து நீதிமன்றப் படிகளில் ஏறினார்கள். இதனை அபினி என்று எவ்வாறு கூறுவது?

‘செபமின்றியே இவற்றைச் செய்ய முடியாதா?’ என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். முடியும், செய்தவர்களும் உளர். விசுவாசம் இல்லாமலே சிறைக்கும் தூக்குமேடைக்கும் சென்ற தோழர்களின் வரலாறு நமக்குண்டு. ஆனால் அந்தக் கேள்வியை நாம் நம்மை நோக்கியும் திருப்பவேண்டும். நாளின் ஒரு பொழுதில் தன்னைத் தானே நிறுத்தி வைத்து, ‘இன்று என் மனத்தில் எந்த நஞ்சு ஏறியிருக்கிறது?’ என்று கேட்கும் பழக்கம் அந்த ஆசிரியைக்கு இருந்தது. நமக்கு அதற்கு ஈடாக என்ன இருக்கிறது? சுயவிமரிசனம் என்று சொல்வோம். அச்சொல்லை நாம் பெரும்பாலும் பிறரை விமரிசிக்கவே பயன்படுத்துகிறோம்.

இன்னொரு நிகழ்ச்சியைக் கூறி முடிக்கிறேன். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டது. இயந்திர வள்ளங்கள் பல கரையிற் கிடந்தன. என் வகுப்பில் மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் கேட்டான்: “சேர், அம்மா ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்கிறா. செபித்தால் மண்ணெண்ணெய் வருமா?”

வகுப்புச் சிரித்தது. பழைய நானாயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். “செபம் முடிந்த பிறகு அம்மா என்ன செய்கிறா?” என்று கேட்டேன். அவன் யோசித்துச் சொன்னான். மாலையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிச் செபமாலை சொல்வார்களாம். பிறகு அங்கேயே இருந்து, இருக்கின்ற எண்ணெயை எந்த வள்ளத்துக்கு ஊற்றுவது, யார் யார் சேர்ந்து போவது, பிடித்ததை எத்தனை பங்காக்குவது என்று பேசி முடிவு செய்வார்களாம். ஆண் துணையற்ற ஒரு வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டாம்.

“செபித்தால் மண்ணெண்ணெய் வராது. விலையை உயர்த்தியவர்களிடம்தான் அதைக் கேட்கவேண்டும்” என்றேன். “ஆனால் இருக்கிற எண்ணெயைப் பங்கிடும் மனம் எங்கிருந்து வந்தது என்று அம்மாவைக் கேட்டுப் பார்.”

அவன் கேட்டானோ தெரியாது. அந்த மனம் வேறு வழிகளிலும் வரலாம். வரவேண்டும் என்பதற்காகவே நாம் எழுதுகிறோம், சங்கம் அமைக்கிறோம். ஆனால் அது ஏற்கெனவே வந்திருக்கும் இடத்தை இகழ்ந்து கடந்து போகும் உரிமை நமக்கில்லை. விலையை உயர்த்தியவர்களிடம் கேட்கப் போகும் நாளில், அந்தப் பெண்களோடு சேர்ந்தே நாம் போகவேண்டியிருக்கும்.