செலவில்லாத் திட்டம்

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டிலே பொழுது புலர்ந்ததைத் தறியின் ஓசையே அறிவிக்கும். தெருவிலே பாவு நீட்டி, அறுந்த இழையைப் பிணைப்பார்கள். வீட்டுக்குள்ளே குழித்தறி. கோர்வைச் சேலை என்றால் நெய்பவர் ஒருவர் போதாது. அருகே இன்னொருவர் அமர்ந்து, கரைக்குரிய நாடாவைத் தள்ளித் தரவேண்டும். பட்டு நெய்யும் ஊர்களிலே அந்த இன்னொருவர் நெடுங்காலம் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தார். ஏன்? கூலி குறைவு, மறுத்துப் பேச வாய் இல்லை, வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக நிற்க வேறு ஆள் இல்லை. மணமேடையிலே பளபளத்த கரையிலே, கண்ணுக்குத் தெரியாத இழையாக ஒரு பிள்ளையின் பள்ளிக்காலமும் நெய்யப்பட்டிருந்தது.

இப்படிப்பட்ட ஊரிலே நின்றுகொண்டு ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறோம். பள்ளிக்கூடப் பாடப்பிரிவுகளைத் திருத்துகிறோம், இணைக்கிறோம், குறைக்கிறோம், மூடுகிறோம் என்று ஆள்வோர் சொல்லும்போதெல்லாம், இதனால் கருவூலத்துக்கு இவ்வளவு மிச்சம் என்று கணக்கும் காட்டுகிறார்கள். மிச்சமான அந்தச் செலவு எங்கே போயிற்று? மறைந்தா போயிற்று? அல்லது இடம் மாறி, வேறொருவர் தோளிலே ஏறிக்கொண்டதா?

விடையை அறிய வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும். 1953-ஆம் ஆண்டு சென்னை மாநிலத்திலே ஆச்சாரியார் ஆட்சி ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. சிற்றூர்ப் பள்ளிகளிலே பிள்ளைகளை இரு பிரிவாக்கு. ஒரு பிரிவுக்குக் காலை, மறு பிரிவுக்குப் பிற்பகல். ஒவ்வொரு பிரிவுக்கும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பாடம். மீதி நேரத்திலே பிள்ளை தன் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது அத்திட்டம். நகராட்சிப் பகுதிகளுக்கு இந்த ஏற்பாடு இல்லை. ஆசிரியர் எண்ணிக்கை கூடவில்லை, கட்டிடம் கூடவில்லை, ஆனால் இருமடங்கு பிள்ளைகளுக்கு இடம் கிடைத்துவிடும் என்றார்கள். அரசாங்கத்தின் ஏட்டிலே அது செலவில்லாத் திட்டம்!

பிள்ளையின் ஏட்டிலே? ஐந்து மணி நேரம் மூன்றாகச் சுருங்கிற்று. ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள் என்று வைத்துக்கொண்டாலும் 400 மணி நேரம் இழப்பு. ஐந்து வகுப்புகளுக்கும் கூட்டினால் 2,000 மணி நேரம். கருவூலம் கொடுக்க மறுத்த விலையை எட்டு வயதுப் பிள்ளை கொடுக்கும்படி ஆயிற்று. அந்தப் பிள்ளைக்கு வாக்குரிமை உண்டா? மன்றத்திலே எழுந்து பேச இடம் உண்டா? இல்லை. இல்லாத காரணத்தாலேதான் செலவு அதன் தோளிலே ஏற்றப்பட்டது.

நாடு எழுந்தது. பெரியார் குலக்கல்வித் திட்டம் என்று அதற்குச் சரியான பெயரைச் சூட்டினார். திராவிட முன்னேற்றக் கழகம் மும்முனைப் போராட்டத்திலே ஒரு முனையை இதற்கென ஒதுக்கியது. ஜூலை மாதத்திலே சட்டமன்றமே திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவிடம் அனுப்பச் சொல்லிற்று. 1954 ஏப்ரலிலே காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்திலே திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லையே என்ற அதே சிக்கலுக்கு அவர் ஆட்சி கண்ட விடை வேறு: 1956-இலே மதிய உணவு. பள்ளி நேரத்தைக் குறைக்காமல் வயிற்றுக்குச் சோறிட்டு அழைத்தது. செலவு ஆயிற்று, ஆனால் செலவு செய்ய வேண்டியவர் செய்தார்.

இதுவரை நம் பெருமைக் கதை. கைதட்டல் எளிது. இனிச் சொல்லப் போவது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

குலத்தொழிலை மறுத்தோம், சரி. தொழிற்கல்வியையும் சேர்த்து மறந்தோமா? இரண்டும் ஒன்றல்ல. ஒன்று, பிறப்பைப் பார்த்துப் பிள்ளைக்குப் பாதை போடுவது. மற்றொன்று, அடிப்படைக் கல்வியை முழுமையாகத் தந்தபின், பிள்ளையின் விருப்பத்தைப் பார்த்துப் பாதை திறப்பது. குலக்கல்வித் திட்டம் வந்த அதே 1953-இலே, டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, உயர்நிலைப் பள்ளிகளிலே பலவகைப் பாடப்பிரிவுகள் வேண்டும், பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1978-இலே தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்பிரிவும் உடன் பிறந்தது. வேளாண்மை, செவிலியம், அலுவலகப் பணி, இயந்திரப் பணி, நெசவுத் தொழில்நுட்பம் என்று பல கதவுகள் திறந்தன.

நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியிலே நெசவு எதற்கு, வீட்டிலே தறி இருக்கிறதே என்பவர் உண்டு. இங்கேதான் தெளிவு வேண்டும். வீட்டுத்தறி சேலையை நெய்யக் கற்றுத்தரும். சேலையின் விலையை யார், எப்படி முடிவு செய்கிறார் என்பதைக் கற்றுத்தராது. சாயம் ஏற்றும் கையைத் தரும். சாயத்தின் வேதியியலைத் தராது. கூலி வாங்கத் தெரியும். கணக்குப் பார்க்கத் தெரியாது. அந்தக் கணக்கைத் தருவது பள்ளிக்கூடம். தறியிலே கற்றவன் கூலிக்காரனாக நிற்கிறான். தறியையும் ஏட்டையும் சேர்த்துக் கற்றவன் எதிரே அமர்ந்து விலை பேசுகிறான். இந்த வேறுபாடு ஆதிக்கக்காரருக்கு நன்றாகத் தெரியும். நமக்குத்தான் சில வேளை தெரிவதில்லை.

அந்தத் தொழிற்பிரிவுகள் பல பள்ளிகளிலே எப்படி மறைந்தன? யாரும் முரசறைந்து மூடவில்லை. ஆசிரியர் ஓய்வு பெறுவார். அந்த இடம் நிரப்பப்படாது. ஆசிரியர் இல்லை என்பதால் மாணவர் சேரமாட்டார்; மாணவர் இல்லை என்பதால் பிரிவு நீங்கும். ஆணையிலே கையெழுத்திட்ட பாவி ஒருவரும் இல்லை; ஆனால் கதவு சாத்தப்பட்டுவிட்டது. ஆர்ப்பாட்டத்தோடு வந்த அநீதியை எதிர்த்து வென்ற நாம், அரவம் இல்லாமல் வந்ததைக் கவனிக்கவில்லை.

முள்ளிப்பட்டுப் பெண் ஒருத்தி பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் விரும்பும் பிரிவு அருகிலுள்ள பள்ளியிலே இல்லை. பத்துக் கல் தொலைவிலே இருக்கிறது. அரசு பேருந்துச் சலுகைச் சீட்டுத் தருகிறது, மெய். ஆனால் சீட்டு பேருந்து ஆகாது. மாலையிலே வண்டி தவறினால் வீட்டுக்கு வர வழி இல்லை. அண்ணனாக இருந்தால் அனுப்பலாம், இவள் எதற்கு என்கிறார் தகப்பன். போதும் படித்தது, கரை நாடாவைப் பிடி என்கிறது குடும்பக் கடன். ஏட்டிலே ஒரு பிரிவு மிச்சம். தெருவிலே ஒரு வாழ்வு மிச்சமில்லை.

தறி அவளை இழுத்துக்கொள்ளச் சட்டமும் ஒரு சந்து விட்டிருக்கிறது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இலே திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவது எத்தொழிலிலும் கூடாது என்று தடுத்தது, பாராட்டுவோம். ஆனால் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலிலே உதவலாம் என்று விலக்கும் தந்தது. வீட்டுக்குள்ளே தறி இருக்கும் ஊரிலே, உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்று யார் அளப்பது? பள்ளிப் பிரிவு ஒன்று குறையும்போதெல்லாம் இந்தச் சந்து அகலமாகிறது.

மறுபுறம், ஐந்தாறு மாணவருக்காக ஒரு பிரிவா, நாட்டுப் பணம் வீணாகலாமா என்று கேட்கும் நண்பரும் உண்டு. நியாயமான கேள்வி, ஒதுக்கமாட்டோம். எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிரிவும் இயலாது. மாவட்டம் ஒன்றுக்குள் சில பிரிவுகளை ஓரிடத்திலே சேர்த்துச் சிறந்த ஆசிரியரும் நல்ல கருவியும் தருவது அறிவுடைமையாகவும் இருக்கலாம். நாம் மாற்றத்துக்குப் பகைவர் அல்லர். மாற்றத்தின் விலையை ஏழையின் தலையிலே கட்டுவதற்கே பகைவர்.

ஆகவே ஓர் உரைகல்லை முன்வைக்கிறோம். பிரிவை மூடுமுன், இப்போது படிப்போர் முடித்து வெளியேற வழி செய்தாயா? தொலைவிலே வைத்தாய் என்றால், விடுதியும் பேருந்தும் உன் செலவிலே வைத்தாயா? தொழிற்பிரிவிலே சேர்ந்தவர் பட்டப் படிப்புக்குப் போகவும் வழி வைத்தாயா, அல்லது ஒருமுறை நுழைந்தால் திரும்ப முடியாத சந்தாக்கினாயா? பெற்றோரைக் கேட்டாயா? இத்தனைக்கும் ஆம் என்றால் மாற்று, இல்லையென்றால் தொடாதே.

பாதையைச் சீக்கிரம் பிரித்தால் என்ன நேரும் என்பதை இங்கிலாந்து பட்டு அறிந்தது. 1944-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், பதினோரு வயதிலே ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்தார்கள். எல்லாம் சமமதிப்பு என்றே சொன்னார்கள். ஆனால் தொழில்நுட்பப் பள்ளிகள் போதிய அளவு எழவேயில்லை. மதிப்பு ஒரு பக்கமும் மக்கள் தொகை மறுபக்கமும் நின்றன. 1965-இலே அரசு, எல்லாருக்கும் பொதுவான பள்ளிகளுக்கு மாறத் திட்டம் வகுக்குமாறு உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. சாதி இல்லாத நாட்டிலேயே இந்நிலை. பிறந்த அன்றே தொழிலை நெற்றியிலே எழுதும் நாட்டிலே எவ்வளவு விழிப்பு வேண்டும்!

சாதி என்பது தொழிலைப் பிரிப்பது மட்டுமன்று, தொழிலாளரைப் பிரிப்பது என்று 1936-இலேயே அம்பேத்கர் விளக்கினார். ஆகவே சாதியை ஒழிக்க விரும்புவோர் கைத்தொழிலை இழிவென ஒதுக்கினால் போதாது; அதைப் பிறப்பிலிருந்து அறுத்தெடுக்க வேண்டும். சேலத்திலே 1960-இலே தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் நெசவை ஒரு படிப்பாக்கிக் காட்டியது. பள்ளிக்கூடமும் அதைச் செய்ய முடியும், செய்ய வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். எந்தப் பிரிவு இருந்தது, எந்தப் பிரிவு இல்லை, எந்த ஆசிரியர் இடம் எத்தனை ஆண்டாகக் காலி என்று எழுதுங்கள். பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைகளின் வீட்டுக்குச் சென்று காரணம் கேளுங்கள். அந்த ஏட்டை ஆள்வோரின் ஏட்டுக்குப் பக்கத்திலே வையுங்கள். செலவில்லாத் திட்டம் எதுவும் இல்லை என்பது அப்போது விளங்கும்.

நெசவாளியின் மகள் மருத்துவர் ஆவது நம் வெற்றியிலே பாதிதான். மருத்துவரின் மகன் நெசவு கற்க விரும்பி முள்ளிப்பட்டுத் தறியின் முன் அமர்வதும், அதைக் கண்டு ஊர் வியக்காதிருப்பதும் மறுபாதி. முதற்பாதிக்காகப் போராடினோம். மறுபாதி இன்னும் பாவிலேயே இருக்கிறது, நெய்யப்படவில்லை.