சட்டம் விட்டுவைத்த கப்



2023ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி நம் நாட்டில் ஒரு தடை அமுலுக்கு வந்தது. ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கப், கத்தி, கரண்டி, உறிஞ்சுகுழல், இடியப்பத் தட்டு, மாலை ஆகியவை தடைசெய்யப்பட்டன. யோகட் உண்ணும் சிறு கரண்டியும் அப்பட்டியலில் இருந்தது. ஆனால் யோகட் கப்புக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது!

ஆகவே அதை வாங்குவோரையும் விற்போரையும் எவரும் குற்றம் சொல்ல முடியாது. எனினும் ஒரு கேள்வி எழுகிறது. சட்டம் தடுக்காத ஒன்று, அதனாலேயே நம் மனச்சான்றுக்கும் சரியாகிவிடுமா?

நல்லதண்ணியை எண்ணிப் பாருங்கள். எவ்வளவு அழகான பெயர்! ஹட்டன், மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாத மலைக்குச் செல்வோர் இங்கிருந்துதான் படியேறுகிறார்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை மக்கள் திரள் திரளாக வருகிறார்கள். இப்பகுதி ஓடைகள் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, பின்னர் களனி கங்கையில் கலக்கின்றன. கொழும்பு மக்கள் குடிக்கும் நீரில் பெரும்பகுதி அந்தக் கங்கையின் நீரே. இங்கே எறியப்படும் கப் மக்கிப் போவதில்லை. வெயிலிலும் மழையிலும் நொறுங்கித் துகளாகி நீரோடு போகிறது. நம்மை ஒருபோதும் காணாத ஒரு குழந்தையின் குவளைக்கும் நமக்கும் இவ்வாறு உறவு இருக்கிறது.

“பிறர் மூட்டை மூட்டையாகக் கொட்டும்போது எங்கள் வீட்டு இரண்டு கப் எம்மாத்திரம்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரும் பொறுப்பு அதைச் செய்து விற்று இலாபம் காண்போருக்கே உரியது. நாள் முழுவதும் கொழுந்து பறித்து, களைத்து லயத்துக்குத் திரும்பும் தாயின் தலையில் முதற்சுமையை ஏற்றுவது நீதியல்ல. வசதியில்லாத நாளில் பிள்ளைக்கு ஒரு கப் யோகட் வாங்கிக் கொடுத்தால் அது பாவமுமல்ல. ஆனால் பிறருடைய பங்கு பெரியது என்பதால் நம்முடைய சிறு பங்கு இல்லாமல் போய்விடுமா? 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடல், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது போன்ற அன்றாடச் சிறு செயல்களுக்கும் மதிப்பளிக்கிறது.

ஆகவே ஓய்வான ஒரு மாலையில் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஒரு லீற்றர் பாலை நீங்கள் நன்றாகக் காய்ச்சுங்கள். பசும்பால் கிடைக்காவிட்டால் பால்மாவைச் சற்றுத் தடிப்பாகக் கரைக்கலாம். விரல் பொறுக்கும் சூட்டுக்கு, ஏறத்தாழ 45 பாகைக்கு, ஆறியதும் இரண்டு கரண்டி தயிரைக் கலக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். உறைக்குத் தயிர் இல்லையா? அடுத்த வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். மலைநாட்டுக் குளிரில் தயிர் எளிதில் உறையாது. எனவே சட்டியை மூடி, பழைய கம்பளியால் சுற்றி, அனல் தணிந்த அடுப்பருகே வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்றும். அந்தப் புளிப்பில் பால் திரண்டு கெட்டியாகும். ஆறு முதல் எட்டு மணித்தியாலம் போதும். குளிர் கடுமையானால் விடியும்வரை விடுங்கள். இடையில் அசைத்துப் பார்க்கக் கூடாது. பிள்ளைக்கு இதுதான் கஷ்டமான வேலை! சரியாக உறையாமல் நீர்த்துப்போனாலும் வீணில்லை, மோராக்கிக் குடிக்கலாம்.

காலையில் உண்ணும்போது ஒன்றை மறவாதீர்கள். அடுத்த சட்டிக்கு உறையாக இரண்டு கரண்டியை எடுத்து வைக்க வேண்டும். கடைக் கப்பைச் சுரண்டித் தின்றுவிட்டு எறியலாம். வீட்டுச் சட்டியை அப்படி வழித்துத் தின்ன முடியாது. “எல்லாம் எனக்கே” என்று பிள்ளை சொன்னால் நாளைக்குத் தயிர் இல்லை. தனக்குப் பின்னால் வருவோருக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்பதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் பிள்ளை மறந்துவிடும். தன் கையால் எடுத்து வைத்துப் பழகினால் மறக்குமா?

சட்டம் ஒருநாள் யோகட் கப்பையும் தடுக்கலாம், தடுக்காமலும் விடலாம். அதுவரை காத்திருக்க வேண்டுமா? இந்த வாரமே ஒரு சட்டிக்கு உறை ஊற்றிப் பாருங்கள்.