விரல் குத்தலும் இன்னா செய்யாமையும்

யானைக்கால் நோய்க் கணக்கெடுப்பில் ஊசி படுவது பெரும்பாலும் நோயில்லாத உடம்பில்தான். ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுத்து முடித்த ஒரு வட்டாரத்தில் பரவல் நின்றுவிட்டதா என்று அறிய, 6, 7 வயதுப் பள்ளிக் குழந்தைகளின் விரலைக் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். மாத்திரை கொடுக்கப்பட்ட ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் புழுவின் சுவடு இல்லையென்றால் கொசு வழியே நோய் பரவுவது ஓய்ந்தது என்று கொள்ளலாம். குத்துப்படும் குழந்தைக்கு இதனால் கிடைப்பது அநேகமாக ஒன்றுமில்லை. பிறர் நலனுக்காக நோயற்ற ஓர் உயிருக்கு வலி உண்டாக்கலாமா என்பது பழைய அறக்கேள்வி. எந்தக் கருவியால் அந்த ரத்தத்தை எடுப்பது என்பதும் அக்கேள்விக்குள் அடங்கியதே.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இதில் நீண்ட தொடர்பு உண்டு. 1975-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1990-களில் இம்மாவட்டக் கிராமங்களில் டிஇசி, ஐவர்மெக்டின் மருந்துகளை ஊர் மக்களுக்குக் கொடுத்து, நோய்ப் பரவல் எவ்வளவு குறைகிறது என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தது. இந்த நோயின் நுண்புழு பகலில் நுரையீரலின் நுண்நாளங்களில் தங்கிவிட்டு இரவில்தான் தோலடி ரத்தத்துக்கு வரும். ஆகவே ரத்தத் தடவல் எடுப்பவர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வீடு வீடாகப் போய், தூங்கும் பிள்ளைகளை எழுப்ப வேண்டும். முழுவளர்ச்சி பெற்ற புழு வெளிவிடும் புரதத்தைக் காட்டும் அட்டைப் பரிசோதனை வந்த பிறகு பகல் நேரமே போதும் என்றாயிற்று. பிள்ளைகளின் தூக்கம் தப்பியது. எடுக்க வேண்டிய ரத்தம் மட்டும் கூடிப்போனது. கண்ணாடித் தகட்டில் தடவ 20 மைக்ரோ லிட்டர் எடுத்துவந்த இடத்தில், முதலில் வந்த அட்டைக்கு 100 மைக்ரோ லிட்டரும் பின்னால் வந்த பட்டைக்கு 75 மைக்ரோ லிட்டரும் தேவைப்பட்டன.

கருவியைப் பற்றிய பேச்சு இந்த அளவிலிருந்துதான் பிறக்கிறது. மலேரியாவுக்கான துரிதப் பரிசோதனைக்கு 5 மைக்ரோ லிட்டர் போதும். அதை எடுத்து அட்டையில் இட வளையம், உறிஞ்சுகுழல், கண்ணாடி நுண்குழாய் எனப் பல கருவிகள் உண்டு. நைஜீரியா, பிலிப்பைன்ஸ், உகாண்டா நாடுகளின் சுகாதாரப் பணியாளர்களிடம் இவற்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. அளவு பிசகாமல் முன்னின்றது, கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு சிறு பிளாஸ்டிக் கருவி. கையாள எளிது என்று பணியாளர்கள் மதித்ததும் அதையே. யானைக்கால் பரிசோதனைக்கோ கிண்ணம் உதவாது; அளவுக்கோடு போட்ட குழாய் வேண்டும். கண்ணாடிக் குழாய் ரத்தத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், ஆனால் கையில் உடைந்தால் அடுத்தவர் ரத்தம் பணியாளரின் காயத்தில் படும். இந்த ஆபத்தைக் குறித்து அமெரிக்க அரசு அமைப்புகள் 1999-இல் கூட்டாக எச்சரித்தன. குமிழ் வைத்த பிளாஸ்டிக் குழாயில் அந்தப் பயம் இல்லை. காற்று புகுந்தால் மட்டும் அளவு தவறும். அளவு தவறிய பரிசோதனை செல்லாது, குழந்தையின் இன்னொரு விரலைக் குத்த வேண்டியிருக்கும். முதல் குத்துக்கு ஊரின் நலன் காரணமாக நிற்கிறது. இரண்டாவது குத்துக்கு அந்தக் காரணம் போதாது.

இதே விழுப்புரம் மண்ணில் இன்னா செய்யாமையை மிக நுணுக்கமாக ஆராய்ந்த மரபு ஒன்று உண்டு. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கும் மேல்சித்தாமூர், திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் உள்ளது. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற துறவியைக் கல்வெட்டு குறிக்கிறது. தன் உடம்பின் மீது ஒருவர் ஏற்றுக்கொள்ளும் துன்பத்துக்கு அந்த மரபு அவ்வளவு இடம் தந்தது. பிறர் உடம்பு என்று வந்தால் ஒரு துளி ரத்தத்துக்கும் அது கணக்குக் கேட்கும்.

சமண ஆசிரியர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிருக்கு நேரும் ஊறோடு கவனமின்மையையும் சேர்த்தே வைக்கிறது. விழிப்போடு நடந்தும் ஓர் உயிருக்கு ஊறு நேர்ந்தால் அது இம்சையாகாது, கவனமற்றவன் கையால் ஒன்றும் சாகாவிட்டாலும் அவன் இம்சை செய்தவனே என்று பின்வந்த அமிர்தசந்திரர் விளக்கினார். துறவிக்குரிய ஐந்து சமிதிகளில், அதாவது கவன ஒழுக்கங்களில், ஒன்று, பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் காட்டும் கவனம். திகம்பரத் துறவி கையில் மயிற்பீலி இருப்பது அதற்காகவே. மெல்லியது, எடையற்றது, மயில் தானாக உதிர்த்தது. சிற்றுயிரை நசுக்காமல் ஒதுக்கிவிட அதைவிடத் தகுந்த பொருள் கிடைக்கவில்லை. கருவியின் தன்மையும் அறத்தில் சேரும் என்பதை இந்தத் தேர்வு காட்டுகிறது.

குலசேகர ஆழ்வார் பாடிய நோயாளி, தன்னை அறுத்துச் சுடும் மருத்துவனிடம் அன்பு மாறாதவன். அந்த உவமை இங்கே முழுதும் பொருந்தாது. அவன் நோயாளி, தன் பொருட்டே கத்தியை ஏற்கிறான். பள்ளி வரிசையில் நிற்கும் குழந்தைக்கு அந்தப் பலனும் இல்லை, சம்மதம் சொல்லும் வயதும் இல்லை. அவளுக்குத் தரக்கூடியது கவனம் ஒன்றுதான்.

ஆகவே பணியாளர் ‘இந்தக் குழாய் கைக்கு வாகாக இருக்கிறது’ என்று சொல்வதைச் சொந்த வசதி என்று ஒதுக்குவது தவறு. அறுபதாவது குழந்தையின் குளிர்ந்த விரலைப் பிடித்திருக்கும் களைத்த கைக்கு விழிப்பைக் காத்துத் தருவது நல்ல கருவிதான். வேகம் கருதி மட்டும் ஒன்றைக் கேட்டால் அது வேறு. அந்த வேகத்தின் விலையைக் குழந்தை கொடுக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சமணம் வினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றாகப் பகுக்கிறது. குத்துபவர் செய்பவர். கருவியைக் கொள்முதல் செய்து அனுப்புபவர் செய்விப்பவர். அனுமதிக் கடிதத்தில் ஒப்பமிடும் பெற்றோர் உடன்படுபவர். பயன்படுத்துவோரிடம் கேட்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்கிய குழாயால் இரண்டாவது குத்து நேர்ந்தால், அந்தக் கவனமின்மை கொள்முதல் மேசையில் தொடங்கியது. குத்தியவர் மேல் மட்டும் அதைச் சுமத்துவது நியாயமாகாது.

சமிதிகளில் கடைசியானது, கழிவை உயிர்களுக்கு ஊறில்லாத இடத்தில் இடுவது. குத்திய லான்செட்டும் ரத்தம் பட்ட குழாயும் அந்த விதிக்குள் வரும். கூர்முனைகளுக்கான தடித்த பெட்டி அவ்விடத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மறுநாள் வகுப்பறையைப் பெருக்க வருபவரின் விரலும் அந்தக் கணக்கெடுப்பில் சேராத ஓர் உடம்பின் விரல்தான்.