சகிப்பின் எல்லையை யார் சொல்வது?

2019 ஜூலை 25ஆம் திகதி பாரிசில் வெப்பம் 42.6 பாகையைத் தொட்டது. இந்நகரில் அதுவரை பதிவானவற்றில் அதுவே உச்சம். நிலத்துக்குக் கீழே இருந்த எங்கள் குசினியில் எத்தனை பாகை என்று யாரும் அளக்கவில்லை. கழுத்துவரை பூட்டிய தடித்த சட்டை, மேலே ஏப்ரன், நீளக் காற்சட்டை, கனத்த சப்பாத்து. கொதியெண்ணெயிலிருந்து காக்கிற உடுப்பு, கழற்றவும் ஏலாது.

வேலைக்கு வந்து மூன்றே நாளான பொடியனைப் பொரிக்கும் அடுப்படியில் விட்டிருந்தோம். "அண்ணை, தலை சுத்துது" என்றான். "எல்லாருக்கும் அப்பிடித்தான் தம்பி, பழகீடும்" என்றோம். பிறகு அவன் எதுவும் சொல்லவில்லை. ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றான். பின் விழுந்தான். குளிரறைக்குள் கிடத்தி, உடுப்பைக் கழற்றித் தண்ணீர் ஊற்றினோம். அம்புலன்சைக் கூப்பிடவா என்றபோது, விசா இல்லை, வேண்டாம் என்று முனகினான். அவன் சொல்லைக் கேட்டோம். பிழைத்துக்கொண்டான்.

அவன் சொல்லை நாங்கள் கேட்டிருக்கலாமா?

வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. தடித்த உடுப்புக்குள் அது உலராமல் வழிந்தோடும். நீர் போகும், சூடு போகாது. 37 பாகையில் இருக்கவேண்டிய உள்வெப்பம் 40ஐ எட்டும் அளவில் புத்தி தடுமாறும். அப்போது "எனக்கு ஒண்டுமில்லை" என்கிற வாயை நம்பமுடியாது.

பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட படிப்பில், தன்னைத் தான் ஆள்வதே அறம் என்று படித்த ஞாபகம். ஆனால் ஆளவேண்டிய அந்தத் தன்னையே வெப்பம் முதலில் பறித்துவிட்டால்? ஷெல்லடியையும் முகாமையும் தாண்டி வந்த நாம் சகிப்பைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதே பெருமையால் மற்றவனின் வேதனையையும் அளக்கிறோம். நாம் தாங்கினோம், நீயும் தாங்கு என்கிறோம். இது அறமல்ல, பட்ட கொடுமையைக் கைமாற்றுவது.

பழகிவிடும் என்பது பொய்யல்ல. உடல் பழக ஒன்றிரண்டு கிழமை செல்லும். அந்த நாட்களில் சூட்டைச் சிறிது சிறிதாகத்தான் கூட்டவேண்டும். நாமோ புதியவனையே அதிகச் சூட்டில் நிறுத்தினோம். எங்களையும் அப்படித்தான் நிறுத்தினார்கள்.

2014இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா நோயாளரைப் பராமரித்தவர்கள் உடல் முழுதும் மூடிய உடுப்போடு வேலை செய்தார்கள். ஏறத்தாழ ஒரு மணித்தியாலந்தான் உள்ளே நிற்கலாம். இருவர் இருவராகப் போவார்கள். ஒருவர் மற்றவரைக் கவனிப்பார். உள்ளே எவ்வளவு நேரம் நிற்பது என்பதை ஒருவருடைய வீரத்திடம் விட்டுவைக்கவில்லை.

2025 ஜூலையில், கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் முதலாளிமார் வேலையை மாற்றியமைக்க வேண்டுமென்ற விதி பிரான்சில் நடைமுறைக்கு வந்தது. நல்லது. ஆனால் அடுப்புச் சூட்டுக்கு வானிலை எச்சரிக்கை கிடையாது. விசா இல்லாதவன் விதியைச் சொல்லி முதலாளி முன் நிற்கவும் மாட்டான். அவனுக்காகப் பக்கத்தில் நிற்கிறவன்தான் வாய் திறக்கவேண்டும்.

இப்போது புதிதாக வருகிறவனுக்குக் கால்மணிக்கு ஒருதரம், கேட்காமலே, ஒரு கோப்பை தண்ணீர் கொடுக்கிறோம். பேச்சுக் குறைந்தால் வெளியே அனுப்புகிறோம். அந்தப் பொடியன் பிறகு வேலைக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்க அவனுடைய விலாசமும் எங்களிடம் இல்லை.