அடைபட்ட செவியும் ஆகாயமும்

ஆயுர்வேதத்தில், இளஞ்சூடான மருந்தெண்ணெயால் காதை நிரப்பும் சிகிச்சை கர்ணபூரணம் எனப்படும். அதன்பின் சற்றுநேரம் காது அடைத்து, வெளியொலி மங்கி, எலும்புவழி வரும் தன் குரல் வெளியேற வழியின்றி உள்ளே முழங்கும். செவிப்புலன் என்பது காதுத்துளைக்குள் வரையறுக்கப்பட்ட, ஐம்பூதங்களுள் ஒன்றான ஆகாயமே என்ற நியாய வைசேடிகத் தத்துவ மரபினரின் கொள்கைக்கு இந்த எளிய அனுபவம் கடினமான வினாவாகிறது: துளை நிரம்பியபின் கேட்பது எது? ஆகாயம் எங்கும் நிறைந்தது, எண்ணெயால் விலகாதது என அவர்கள் விடை கூறலாம். ஆயினும் ஒலி மங்குவதை விளக்க அவ்விடை மட்டும் போதாது. புலன்கள் அகங்காரம் என்னும் நுண்தத்துவத்திலிருந்து தோன்றுவன, புறக்காது அவற்றின் இருப்பிடமே என்னும் சைவ சித்தாந்தக் கருத்து, இருப்பிடம் அடைபட்டும் கேட்கும் ஆற்றல் அழியாதிருப்பதை இன்னும் தெளிவாக விளக்குகிறது.