ஓரியைப் பாடியவர்கள்

எழுத்தின் மேல் உள்ள காதல் ஒருவரின் குணத்தைத் திருத்துமா என்பதைப் பசியோடு இருக்கும்போது அவர் என்ன எழுதுகிறார் என்பதிலிருந்தே அறிய முடியும். கொல்லிமலைக்கு இந்தக் கேள்வி பழையது. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியிடம் பரிசில் நாடி வந்த புலவர்களின் பாட்டுகள் புறநானூற்றில் உள்ளன.

152ஆம் பாட்டில் வன்பரணர் ஓரியின் வேட்டையைச் சொல்கிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இது நடக்கிற காரியமல்ல. அப்படியானால் புலவர் பொய் சொன்னாரா? இதே வன்பரணர், கண்டீரக் கோப்பெருநள்ளி என்ற வள்ளலைப் பாடிய 148ஆம் பாட்டில், பெருமையற்ற மன்னர் செய்யாததைச் செய்ததாகப் புகழத் தம் நா அறியாது என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அவர் கோடு கிழித்த இடம் தெரியும். ஓரி வில்லாளி, காட்டு வழியில் கண்ட பாணர் கூட்டத்துக்கு இறைச்சியும் மதுவும் பொன்னும் மணியும் கொடுத்தவன். நடந்த செயலின் மேல் ஏறி நிற்கும் மிகை அது, கேட்பவரும் அதை மிகை என்றே அறிவார். இல்லாத செயலை உண்டென்று நம்பவைக்கும் புகழ்ச்சியைத்தான் அவர் மறுத்தார்.

153ஆம் பாட்டில், ஓரியிடம் பெற்ற கூத்தர் பசி தீர்ந்ததால் ஆட்டத்தையும் பாட்டையும் மறந்தார்கள் என்கிறார் வன்பரணர். கொடைக்குப் புகழாகச் சொன்னதுதான். ஆனால் எழுதுபவர் எவரும் இதைச் சற்று அச்சத்தோடுதான் படிக்க வேண்டும்.

ஓரியைப் பாடிய இன்னொரு புலவரான கழைதின் யானையார் இன்னும் துணிந்தவர். 204ஆம் பாட்டில், இரப்பது இழிவு, இல்லையென்பது அதைவிட இழிவு என்று ஓரியிடமே சொல்கிறார். கொடுப்பது உயர்வு, கொடுத்தாலும் வேண்டாம் என்பது அதைவிட உயர்வாம். இரக்க வந்தவர் முதலில் தம் செயலையே தாழ்ந்ததென்று எடைபோடுகிறார். பரிசில் கிடைக்காதவர் புள்நிமித்தத்தையும் புறப்பட்ட வேளையையும் நொந்துகொள்வாரே தவிர வள்ளலைப் பழிக்கமாட்டார் என்றும் சேர்க்கிறார். அதில் பணிவும் உண்டு, பழகிய இரவலரின் சாதுரியமும் உண்டு.

சொன்னதில் பொய் இல்லாமலிருப்பது பாதி நேர்மைதான். சொல்லாமல் விட்டதற்கு வேறு கணக்கு உண்டு. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்ததை அகநானூற்றில் கல்லாடனார் கூறுகிறார். அந்தக் காரியின் கொடையைக் கபிலர் மனமாரப் பாடினார். பெருஞ்சித்திரனார் 158ஆம் புறப்பாட்டில் வள்ளல்கள் எழுவரை எண்ணும்போது ஓரியை அடுத்துக் காரியையே நிறுத்துகிறார். காரி பெரும்போர் வென்றதையும் மழை போலக் கொடுத்ததையும் சொல்கிறார். பக்கத்தில் நிற்பவனைக் கொன்றவன் அவன் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை.